ஏ.டி.எச்.டி.: பிள்ளைகள், பெரியவர்கள் பற்றிச் சென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கவனம், உடல் துடிப்பு, அவசரம் ஆகியவற்றைக் கட்டுக்குள் வைப்பதில் ஏற்படும் வளர்ச்சிக் குறைபாட்டைத்தான் மருத்துவர்கள் ஏ.டி.எச்.டி. என்கிறார்கள். உலக அளவில் குழந்தைகளில் சுமார் 5 சதவீதம் பேருக்கும், பெரியவர்களில் சுமார் 2.5 சதவீதம் பேருக்கும் இது இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் தெளிவு பெற உதவும் பதில்கள் இவை. மருத்துவருக்கு மாற்று அல்ல.

என் பையன் ஒரு நிமிடம் ஓரிடத்தில் உட்காருவதில்லை. இது ஏ.டி.எச்.டி.தானா?

வயது என்ன என்பதுதான் முதல் எதிர்க்கேள்வி. மூன்றரை வயதில் எல்.கே.ஜி. பெஞ்சில் உட்கார்ந்து எழுதாத பிள்ளைக்குக் குறை ஒன்றும் இல்லை. அந்த வயதில் எழுதச் சொல்பவர்கள்தான் யோசிக்க வேண்டும். வகுப்பிலேயே வயதில் இளைய பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் அதிகமாகச் சூட்டப்படுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மற்றவர்களைவிடப் பத்து மாதம் இளையவன், பத்து மாதம் இளையவனாகத்தான் நடந்துகொள்வான்.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட, மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் டி.எஸ்.எம்.-5 கையேட்டில் கவனமின்மைக்கு ஒன்பது அறிகுறிகள், மிகைத்துடிப்புக்கும் அவசரத்துக்கும் சேர்த்து ஒன்பது அறிகுறிகள் உள்ளன. ஏதாவது ஒரு பட்டியலில் குறைந்தது ஆறு பொருந்த வேண்டும். 17 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு ஐந்து போதும். அவை ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தென்பட வேண்டும். வீட்டில் கூரையைப் பிரிக்கிறான், பள்ளியில் பெட்டிப்பாம்பாக இருக்கிறான் என்றால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

எல்லோரும் மறந்துவிடும் நிபந்தனை ஒன்று உண்டு. இவற்றால் படிப்போ, நட்போ, அன்றாட வாழ்க்கையோ உண்மையிலேயே பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். துறுதுறுவென்று இருந்தாலும் தன் வேலையை முடித்துக்கொள்கிற பிள்ளையை அப்படியே விட்டுவிடுங்கள்.

கிரிக்கெட்டும் யூடியூபும் என்றால் மூன்று மணி நேரம் அசையாமல் பார்க்கிறான். கவனம் இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

பெற்றோர்கள் பலர் மருத்துவரை நம்பாமல் போவது இந்த இடத்தில்தான். சந்தேகம் நியாயமானது. இந்தப் பிள்ளைகளிடம் கவனம் இருக்கிறது. அதைத் தேவையான பக்கம் திருப்புவதும், சலிப்பான வேலையில் பிடித்து நிறுத்துவதும்தான் அவர்களுக்குக் கைகூடுவதில்லை. திரையில் பத்து நொடிக்கு ஒருமுறை புதிதாக ஏதோ நடக்கிறது. பந்துக்குப் பந்து முடிவு தெரிகிறது. கணக்கு நோட்டில் கிடைக்கக்கூடிய வெகுமதியோ காலாண்டுத் தேர்வு மதிப்பெண். அதற்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. பலன் உடனே வரும் வேலையில் எல்லோரையும்போல் இருப்பார்கள், தள்ளி வரும் வேலையில் சரிந்துவிடுவார்கள்.

அவனையே கேட்டுப் பாருங்கள். பையில் எதை வைக்க வேண்டும், வரிசையில் எப்படி நிற்க வேண்டும், தங்கையை ஏன் அடிக்கக் கூடாது என்று மூச்சு விடாமல் சொல்வான். தெரியாமல் இல்லை. தெரிந்தது, செய்ய வேண்டிய அந்த நொடியில் கைக்கு வருவதில்லை. ஆகவே அறிவுரையும், நூறு தடவை இம்போசிஷனும், வாசலில் முட்டி போடச் சொல்வதும் பயன் தருவதில்லை. ஏற்கெனவே தெரிந்ததைத்தான் அவை மறுபடி சொல்கின்றன. உதவி, வேலை நடக்கும் இடத்தில், வேலை நடக்கும் நேரத்தில் இருக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

எங்கள் வளர்ப்பில்தான் தவறா? செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம் என்று மாமியார் சொல்கிறார்.

இல்லை. இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வுகள், ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இடையே இதில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 74 சதவீதத்தை மரபணுக்களோடு தொடர்புபடுத்துகின்றன. உயரம் அளவுக்கு இல்லாவிட்டாலும் அதை நெருங்கும் மரபுத் தொடர்பு இது. குறைப்பிரசவம், பிறப்பு எடை குறைவு, ஈய நஞ்சு ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. மூளைப் புறணியின் தடிமன் உச்சத்தை எட்டும் வயதை 2007-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று அளந்தது. மற்றப் பிள்ளைகளுக்குப் புறணியின் பாதிப் பகுதிகள் சுமார் ஏழரை வயதில் அந்த உச்சத்தை எட்டின, ஏ.டி.எச்.டி. உள்ளவர்களுக்குச் சுமார் பத்தரை வயதில் எட்டின. வளர்ச்சியின் வரிசை அதேதான், வேகம்தான் பின்தங்கியிருந்தது.

சர்க்கரை காரணம் என்பது உலகம் முழுவதும் பரவியிருக்கும் நம்பிக்கை. சர்க்கரை கொடுத்தும், அதுபோல் இனிக்கும் வேறொன்றைக் கொடுத்தும் செய்த ஆய்வுகளைத் தொகுத்து 1995-இல் பார்த்தபோது நடத்தையில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. பிறந்தநாள் விழாவில் பிள்ளைகள் ஆடுவது கேக்கினால் அல்ல, விழாவினால்.

வளர்ப்பு காரணம் இல்லை என்றாலும் போக்கை மாற்றும் ஆற்றல் அதற்கு உண்டு. ‘அடியாத மாடு படியாது’ என்று தாத்தா சொல்வார். அடி வாங்கிய பிள்ளை அந்த நேரத்துக்கு அடங்குவான். மறுநாள் அதே இடத்தில் நிற்பான், கூடவே கோபத்தையும் பொய்யையும் கற்றுக்கொண்டு.

பெண் பிள்ளைகளுக்கு வருமா?

வரும், கண்ணில் படுவதுதான் குறைவு. கடைசி பெஞ்சில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் அமைதியான பெண்ணால் ஆசிரியருக்குத் தொந்தரவு இல்லை. ‘நல்ல பெண், கொஞ்சம் கனவுலகம்’ என்று முன்னேற்ற அறிக்கையில் எழுதிவிடுவார்கள். பத்தாம் வகுப்பில் பாடச் சுமை ஏறும்போது சரிந்து, பதற்றமும் மனச்சோர்வும் சேர்ந்த பிறகுதான் பலர் மருத்துவரிடம் வருகிறார்கள்.

ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடுமா?

தெரியாது. ரத்தப் பரிசோதனை, மூளை ஸ்கேன், மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. எதுவும் ஏ.டி.எச்.டி.யை உறுதிசெய்வதில்லை. ‘மூளை மேப்பிங்’ என்று பெரிய தொகை கேட்கும் இடம் எதுவானாலும் எழுந்து வந்துவிடுங்கள். பரிசோதனைகள் தேவைப்படுவது, அதுபோலத் தோற்றமளிக்கும் வேறு கோளாறுகளை விலக்கத்தான்: பார்வை, காது கேட்கும் திறன், ரத்தசோகை, தைராய்டு. மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதை வீங்கி இரவெல்லாம் குறட்டை விடும் பிள்ளை பகலில் பரபரப்பாகவும் கவனமின்றியும் இருக்கும். சில நொடிகள் அப்படியே உறைந்து, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் தொடரும் பிள்ளைக்கு ஒருவகை வலிப்பு இருக்கக்கூடும், அப்போது ஈ.ஈ.ஜி. அவசியம்.

மற்றபடி இது முழுக்கக் கேட்டறிந்து முடிவு செய்வது. பெற்றோரிடம் ஒரு படிவம், ஆசிரியரிடம் ஒரு படிவம், பிள்ளையோடு பேச்சு, பிறந்ததிலிருந்து வரலாறு, தேவையானால் நுண்ணறிவுச் சோதனையும் கற்றல் சோதனையும். பத்து நிமிடத்தில் பெயர் சூட்டி மருந்துச் சீட்டு நீட்டினால் இன்னொருவரைப் பார்ப்பது நல்லது. சோதனை செய்யும் மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள், கேட்பதில் தவறில்லை.

படிக்கவும் எழுதவும் தடுமாறுகிறான். இது வேறா?

வேறு, ஆனால் இரண்டும் அடிக்கடி சேர்ந்தே வரும். டிஸ்லெக்ஸியா (வாசிப்பதில் தடுமாற்றம்) போன்ற கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்கு, புரியாததால் கவனம் சிதறுகிறது. ஏ.டி.எச்.டி. பிள்ளை, கவனம் சிதறுவதால் புரிந்துகொள்ளவில்லை. கதையை நீங்கள் வாசித்துக் காட்டினால் நன்றாகப் பதில் சொல்லி, தானே வாசிக்கும்போது மட்டும் திணறினால் கற்றல் குறைபாட்டை நினைக்க வேண்டும். லகர ளகர ழகரக் குழப்பத்தை வைத்து முடிவுக்கு வராதீர்கள். அந்தக் கணக்கில் ஊரே சிக்கும்.

சட்டத்தில் இந்த வேறுபாடு பெரிது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் உண்டு, ஏ.டி.எச்.டி. தனி வகையாக இல்லை. பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளுக்குச் சான்றிதழ் கேட்பார்கள். ஆகவே கற்றல் சோதனையையும் சேர்த்துச் செய்துகொள்ளுங்கள். பத்தாம் வகுப்பு ஜனவரியில் சான்றிதழுக்கு ஓடுவதைவிட எட்டாம் வகுப்பிலேயே தொடங்குவது நல்லது.

எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுகிறான், பொய் சொல்கிறான். இதுவும் அதே கோளாறா?

சில சமயம் கூடவே வருவது. 1999-இல் முடிவுகள் வெளியான புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வில் ஏ.டி.எச்.டி. உள்ள 579 பிள்ளைகள் சேர்க்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் 40 சதவீதம் பேருக்கு எதிர்ப்பு நடத்தைக் கோளாறும் இருந்தது. மூன்றில் ஒருவருக்குப் பதற்றக் கோளாறு இருந்தது.

வேறுபாட்டைப் பார்க்க ஒரு வழி உண்டு. ஏ.டி.எச்.டி. மட்டும் உள்ளவன், சொன்னதைச் செய்யக் கிளம்பிப் பாதி வழியில் மறந்துவிடுவான். எதிர்ப்பு நடத்தை உள்ளவன், சொன்னதாலேயே செய்யமாட்டான். மாதக்கணக்கில் கோபம், வாக்குவாதம், பழிவாங்கும் குணம் என்று ஓடும். இதைத் தாண்டி, ஆயுதம் எடுப்பது, விலங்குகளை வதைப்பது, திருடுவது, வீட்டைவிட்டு ஓடுவது என்று பிறர் உரிமையை மீறும் நடத்தை திரும்பத் திரும்ப வந்தால் அது நடத்தைக் கோளாறு. தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். நேற்றுவரை ஒழுங்காக இருந்த பிள்ளை திடீரென்று மாறினால் ஏ.டி.எச்.டி.யை விடுங்கள். வீட்டில் சண்டையா, பள்ளியில் மிரட்டலா, யாராவது தவறாக நடந்துகொண்டார்களா என்று விசாரியுங்கள். இந்தக் குறைபாடு ஒரு நாள் காலையில் முளைப்பதில்லை.

ஆட்டிசமும் ஏ.டி.எச்.டி.யும் ஒருவருக்கே இருக்கலாம் என்பதை டி.எஸ்.எம். கையேடு 2013 பதிப்பில்தான் ஏற்றுக்கொண்டது. பழைய அறிக்கையில் ஒன்று மட்டும் எழுதியிருந்தால் மறுபடி கேட்டுப் பார்க்கலாம்.

மாத்திரை கொடுக்கலாமா? அடிமையாகிவிடுவானே!

ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு மாத்திரை முதல் வழி அல்ல. பெற்றோர் பயிற்சியே முதலில். அதற்கு மேல், பாதிப்பு கணிசமாக இருந்தால் மருந்துதான் இருப்பவற்றில் வலுவான கருவி என்பதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். மேலே சொன்ன 1999 ஆய்வில் 14 மாதம் கவனமாக அளவு பார்த்துக் கொடுத்த மருந்து, முக்கிய அறிகுறிகளில் நடத்தைப் பயிற்சியை மட்டும் பெற்றவர்களைவிட நல்ல பலன் தந்தது. இரண்டும் சேர்ந்தபோது மருந்தின் அளவு குறைந்தது, வீட்டு உறவும் சீரானது. சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது குழுக்களுக்கிடையே இருந்த வேறுபாடு மறைந்திருந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒரு வருடம் கொடுத்தால் வாழ்நாளுக்குப் போதும் என்று யாரும் உறுதி தர முடியாது.

இந்தியாவில் அதிகம் பயன்படுபவை இரண்டு. மெத்தில்பெனிடேட் 1944-இல் சுவிட்சர்லாந்தில் உருவாக்கப்பட்டது. கண்டுபிடித்தவர் தம் மனைவி ரீட்டாவின் பெயரை வைத்து ரிட்டாலின் என்று அழைத்தார். சாதாரண மாத்திரை அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கி, மூன்று நான்கு மணி நேரத்தில் தணிந்துவிடும். மற்றொன்று அடோமாக்செடின், முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், தினமும் விடாமல் எடுக்க வேண்டும். தொடக்க வாரங்களில் மனநிலை மாற்றம், தற்கொலைப் பேச்சு எதுவும் தென்பட்டால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மெத்தில்பெனிடேட் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வருவதால் சீட்டு இல்லாமல் கிடைக்காது, எல்லாக் கடைகளிலும் இருக்காது. தீரும் முன்பே விசாரித்து வையுங்கள். கட்டுப்பாட்டில் இருக்கிறது என்பதாலேயே, மருத்துவர் சொன்ன அளவில் சாப்பிடும் பிள்ளை அடிமையாகிவிடுவான் என்று பொருள் இல்லை. சிறுவயதில் இந்த மருந்து எடுத்தவர்களிடம் பிற்காலத்தில் போதைப் பழக்கம் கூடவில்லை என்றே ஆய்வுகள் சொல்கின்றன. பையன் மந்தமாக, பொம்மைபோல் ஆகிவிட்டால் அது மருந்தின் இயல்பு அல்ல, அளவு கூடியதன் அறிகுறி, குறைக்கச் சொல்லுங்கள்.

உண்மையான தொல்லை பசியின்மை. மதிய டப்பா அப்படியே திரும்பி வரும். ஆகவே மாத்திரைக்கு முன்பே இட்லியோ பொங்கலோ வயிறு நிறையக் கொடுத்துவிடுங்கள். மாலையில் மருந்து தணிந்ததும் பசி பிய்த்துக்கொண்டு வரும். அப்போது பிஸ்கட் கொடுத்து ஏமாற்றாமல் சோறு போடுங்கள், இரவு இன்னொரு வேளை. தூக்கம் தள்ளிப்போகலாம். உயரம் சற்றுக் குறையலாம் என்பதால் உயரம், எடை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் தவறாமல் குறித்து வைக்க வேண்டும். குடும்பத்தில் இளவயதில் திடீர் மாரடைப்பு நடந்திருந்தால் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

மாத்திரை தவிர வீட்டில் என்ன செய்வது?

மாலை ஆறரை மணி, பெரம்பூரில் ஒரு படுக்கையறை வீடு என்று வைத்துக்கொள்வோம். நான்காம் வகுப்புப் பையனின் கணக்கு நோட்டு தரையில் திறந்திருக்கிறது. பென்சில் முனை உடைகிறது. ஷார்ப்னர் தேடி எழுகிறான். வழியில் ஃப்ரிட்ஜைத் திறக்கிறான். திறந்த கதவோடு நின்றபடி தங்கை பார்க்கும் டிவியைப் பார்க்கிறான். பால்கனிக்குக் கீழே யாரோ பந்து அடிக்கும் சத்தம். கால் மணி நேரம் கழித்து, அடுப்பறையிலிருந்து “என்னடா செய்கிறாய்?” என்று அம்மா கேட்கும்போது, “ஷார்ப்னர் தேடுகிறேன் அம்மா” என்கிறான். பொய் சொல்லவில்லை, அதற்காகத்தான் எழுந்தான்.

இங்கே திட்டுவதால் நோட்டு நிரம்பாது. சீவிய மூன்று பென்சில், ரப்பர், தண்ணீர் பாட்டில் எல்லாம் உட்காரும் முன்பே ஒரு தட்டில் இருக்கட்டும். இருபது கணக்கை ஒரேயடியாகக் காட்டாமல் ஐந்தை மட்டும் காட்டி மற்றதைத் தாளால் மூடுங்கள். பத்து நிமிடத்துக்கு டைமர். முடித்ததும் எழுந்து குதிக்கலாம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாலும் போதும். ஆள் அருகில் இருப்பதே பாதி வேலை. பாராட்டு அந்த நிமிடமே வர வேண்டும். ‘ஆண்டு இறுதியில் சைக்கிள்’ என்னும் வாக்குறுதி இவனைப் பொறுத்தவரை வேறு யுகம். ‘ஐந்து கணக்கு முடிந்தால் ஐந்து நிமிடம் பந்து’ என்பதுதான் விளங்கும். ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, பெயர் சொல்லி, கண்ணைப் பார்த்து, பக்கத்தில் வந்து. அடுப்பறையிலிருந்து கத்துவது கணக்கில் சேராது.

மதிப்பெண் குறைந்தது என்று இன்னொரு டியூஷன் சேர்ப்பதுதான் நம் ஊர் வழக்கம். எட்டு மணி நேரம் உட்கார முடியாதவனை இன்னும் இரண்டு மணி நேரம் உட்கார வைப்பது அது. அந்த நேரத்தில் மெரினாவிலோ மாநகராட்சிப் பூங்காவிலோ ஓடவிட்டால் தூக்கமாவது நன்றாக வரும்.

பள்ளியில் என்ன கேட்கலாம்?

முன் பெஞ்ச், ஜன்னலுக்கும் கதவுக்கும் தள்ளி. கரும்பலகையைத் துடைக்கவும் நோட்டுகளைப் பகிரவும் அனுப்பி நடக்க ஒரு சாக்கு. விளையாட்டு வகுப்பைத் தண்டனையாகப் பிடுங்காமல் இருப்பது. டைரியில் சிவப்பு மையில் ‘கவனம் இல்லை’ என்று தினமும் எழுதுவதற்குப் பதிலாக, மூன்று குறிக்கோளுக்கு ஆம் அல்லது இல்லை என்று டிக் அடிக்கும் சின்ன அட்டை. மாலையில் அந்த அட்டைக்கு வீட்டில் பரிசு.

மீன் எண்ணெய், வல்லாரை, யோகா?

மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்புக்குப் பலன் இருந்தாலும் மிகச் சிறிது. வல்லாரையைத் துவையலாக அரைத்துச் சாப்பிடுங்கள், நன்றாக இருக்கும். அதை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள். யோகாவும் ஓட்டமும் நல்லவை, துணைக்கு.

எனக்கு 34 வயது, ஓ.எம்.ஆரில் ஐ.டி. வேலை. சிறு வீடியோக்களைப் பார்த்தால் எல்லாம் எனக்கே பொருந்துகிறது. எனக்கும் இருக்குமா?

இருக்கலாம். பிள்ளைக்காகப் படிவம் நிரப்பும் தந்தையோ தாயோ ‘இது என் கதையல்லவா’ என்று நிமிர்ந்து பார்ப்பது உண்டு. பெரியவர்களிடம் ஓட்டமும் குதியும் குறைந்து உள்ளுக்குள் ஒரு பரபரப்பாக மாறிவிடும். பணம் இருந்தும் மின்கட்டணம் கட்டாமல் ஃபியூஸ் பிடுங்கப்படுவது, வண்டிக் காப்பீடு காலாவதியானது தெரியாமல் ஓட்டுவது, கடைசி இரவில் மட்டும் வேலை ஓடுவது, கூட்டத்தில் பிறர் பேசி முடிக்கும் முன் பாய்வது, வருடத்துக்கு ஒரு வேலை மாறுவது எல்லாம் வழக்கமான புகார்கள்.

ஆனால் வீடியோ உங்கள் பள்ளிப் பருவத்தைக் கேட்பதில்லை. 12 வயதுக்கு முன்பே அறிகுறி இருந்ததா? பழைய முன்னேற்ற அறிக்கைகளைத் தேடுங்கள், அம்மாவிடமோ அக்காவிடமோ கேளுங்கள். மூன்று வருடமாக மட்டும் கவனம் இல்லை என்றால் இரவு ஷிஃப்ட், மனச்சோர்வு, பதற்றம், தைராய்டு, மது என்று பார்க்க வேண்டியவை நிறைய. உலக சுகாதார நிறுவனத்தோடு இணைந்து உருவாக்கிய ஆறு கேள்விப் படிவம் ஒன்று உண்டு. அதில் அதிகம் பெற்றால் மருத்துவரைப் பாருங்கள் என்று பொருள். நோய் உறுதி என்று பொருள் அல்ல.

சிகிச்சையில் அதே மருந்துகளும், நேரத்தையும் வேலையையும் ஒழுங்குபடுத்தும் உளவியல் பயிற்சியும் பயன்படுகின்றன. கட்டணங்களைத் தானாகப் போகும்படி வங்கியில் அமைத்துவிடுவது, சாவிக்கு வாசலில் ஒரே ஆணி, நினைவில் எதையும் வைக்காமல் எழுதிவிடுவது போன்றவை அற்பமாகத் தோன்றினாலும் நிற்பவை அவைதான். இந்தக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சாலை விபத்து அதிகம். வண்டி ஓட்டும்போது போனைப் பையில் பூட்டி வையுங்கள்.

வளர வளரச் சரியாகிவிடுமா?

சிலருக்குத் தணியும். பலருக்கு ஓரளவு தொடரும். தனக்கேற்ற வேலையைத் தேர்ந்தெடுத்தவருக்கு அது பெரிய தடையாகவே தெரியாமலும் போகலாம்.

உறவினரிடம் சொல்ல வேண்டுமா?

கூடவே வாழ்பவர்களுக்கும் வகுப்பாசிரியருக்கும் சொல்லுங்கள். கல்யாண வீட்டில் கேட்பவர்களுக்கெல்லாம் விளக்கம் தர வேண்டியதில்லை. பிள்ளையிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தான் முட்டாள் என்றோ கெட்டவன் என்றோ அவனே ஒரு விளக்கத்தைக் கண்டுபிடித்துக்கொள்வான்.

சென்னையில் முதலில் எங்கே போவது? என்ன எடுத்துச் செல்வது?

எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை, கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகள் ஆகியவற்றில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். கீழ்ப்பாக்கம் என்றதும் முகம் சுளிப்பதை நம் தலைமுறையோடு விட்டுவிடலாம். முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோர் மேம்பாட்டு நிறுவனம் இருக்கிறது. கற்றல் குறைபாட்டுக்கு மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் நெடுங்காலமாகச் செயல்படுகிறது. நேரில் போகும் முன் பேச வேண்டுமானால் அரசின் மனநலத் தொலைபேசி உதவி எண், டெலி மானஸ் 14416. தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும்.

பிறப்புச் சீட்டு, பழைய முன்னேற்ற அறிக்கைகள், பிள்ளை எழுதிய நோட்டு இரண்டு, ஆசிரியரின் கடிதம், இதுவரை எடுத்த மருந்துகளின் சீட்டு எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுக்கொள்ளுங்கள். புறநோயாளிச் சீட்டு வரிசை காலையிலேயே நீளும். பிள்ளைக்குத் தின்ன ஒன்றும் கையில் வைத்து விளையாட ஒன்றும் பையில் இருக்கட்டும். காத்திருக்கும் நேரம் மற்றவர்களைவிட அவனுக்குக் கடினம்.